ஹைதர் அலி நம்பிய பாதிரியார்
திருச்சிராப்பள்ளியிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு சமாதானப் பயணம்

ஈமான் கொண்டோருக்கு நேசத்தால் மிக நெருங்கியவர்கள் தம்மைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோரே என்று திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 82ஆம் வசனம் குறிப்பிடுகிறது. அவர்களுள் கற்றறிந்த குருமார்களும் துறவிகளும் இருப்பதையும், அவர்கள் பெருமையடிக்காதவர்களாக இருப்பதையும் அதற்குக் காரணமாகவும் அவ்வசனமே காட்டுகிறது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் தஃப்ஸீர் ஆசிரியர்கள் சென்ற வழியிலேயே சென்று, அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னரையும் அவரிடம் அடைக்கலம் புகுந்த முஹாஜிர்களையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் வழக்கம். அது முறையானதே. ஆயினும் வசனம் சுட்டுகின்ற காரணம் ஒரு நாட்டோடும் ஒரு நூற்றாண்டோடும் முடிந்துவிடுவதன்று. அக்காரணத்துக்குப் பொருந்திய ஒருவர் நம் காவிரிக் கரையிலேயே 16 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரை இனங்கண்டு மதித்தவர்களுள் முதன்மையானவர், ஆங்கிலேயரை எவரும் எதிர்க்காத அளவுக்கு எதிர்த்த ஒரு முஸ்லிம் ஆட்சியாளர். நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றுப் பாடங்களில் ஹைதர் அலியின் போர்கள் வருகின்றன. அப்போர்களைத் தடுப்பதற்காக நடந்த ஒரு பயணம் வருவதில்லை.

அக்காலத் திருச்சிராப்பள்ளி எப்படி இருந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். கர்நாடக நவாப் பதவிக்காக வாலாஜா முஹம்மது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது, முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். மலைக்கோட்டையைச் சூழ்ந்த நகரம் முஹம்மது அலியின் வசம் இருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் தீவு பிரெஞ்சுப் படையின் பாசறையாயிற்று. வைணவர்களின் தலையாய திருத்தலத்தின் மதில்கள் பீரங்கி வண்டிகளுக்கு அரணாயின. 1752 ஜூனில் அத்தீவிலிருந்த பிரெஞ்சுத் தளபதி ழாக் லா சரணடைந்தார். சந்தா சாகிப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் திருச்சியில் நத்தர்வலி (ரஹ்) தர்காவில் அடங்கியிருக்கிறது. 43 ஆண்டுகளுக்குப் பின்னர், 1795இல் மறைந்த வாலாஜா முஹம்மது அலியும் அதே வளாகத்துக்கே வந்து சேர்ந்தார். ஒரு பதவிக்காக நாட்டையே போர்க்களமாக்கிய இருவரும் ஓர் இறைநேசரின் நிழலில் அருகருகே உறங்குகின்றனர்.

சந்தா சாகிப் மறைந்தும் முற்றுகை ஓயவில்லை. முஹம்மது அலி தமக்குத் திருச்சியைத் தருவதாக வாக்களித்து ஏமாற்றிவிட்டார் என்ற சினத்தோடு மைசூரின் நஞ்சராஜர் ஸ்ரீரங்கத்தில் தங்கி, 1755 வரை நகரை நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த மைசூர்ப் படையில் குதிரைப்படை அதிகாரியாக வந்து, காவிரிக் கரையில் தம் இராணுவப் பாடத்தைக் கற்றுத் திரும்பியவர்தாம் ஹைதர் அலி. வாக்களித்தவர்கள் வாக்கை எப்படி மீறுவார்கள் என்பதையும் அவர் இங்கேதான் முதலில் கண்டார். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இச்செய்தி உதவும்.

ஹைதர் திரும்பிப் போன சில ஆண்டுகளில், 1762இல், ஒரு ஜெர்மானியப் பாதிரியார் இந்நகருக்கு வந்தார். கிறிஸ்தியான் பிரீட்ரிக் ஷ்வார்ட்ஸ் என்பது அவர் பெயர். 1726இல் பிராண்டன்பர்க் நாட்டுச் சோன்னன்பர்க்கில் பிறந்தவர். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே, தமிழகத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் ஷூல்ட்ஸிடம் தமிழ் கற்றார். 1750இல் தரங்கம்பாடியில் இறங்கிய அவர், நான்கு மாதங்களுக்குள் தமிழில் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டாராம். 12 ஆண்டுகள் தரங்கம்பாடியில் கழித்த பிறகே திருச்சிக்கு வந்தார். வந்தவர் இங்கே தங்கிவிட்டார்.

தங்கிய விதம் சொல்லத்தக்கது. பழைய கட்டடம் ஒன்றில் ஒரு கட்டிலும் அவரும் மட்டுமே கொள்ளத்தக்க சிற்றறையே அவருடைய இல்லம். சோறும் காய்கறியும் உணவு. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி உடை. ஆண்டுக்கு 48 பவுன் வருமானத்தில், மணம் செய்துகொள்ளாமல், அவர் வாழ்ந்தார். கோட்டையிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கும் அவரே வழிபாடு நடத்தினார். அதற்காகச் சென்னை அரசாங்கம் ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் ஒதுக்கியபோது, முதல் ஆண்டுப் பணத்தைப் பள்ளிக்கும் பணியாளர் இல்லத்துக்கும் கொடுத்துவிட்டார். பின்வந்த ஆண்டுகளில் பாதியைச் சபையாருக்கு ஒதுக்கினார். தெப்பக்குளத்தருகே இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766இல் அவர் எழுப்பியது. நம் மக்கள் சின்னக் கடை வீதிக்கும் பெரிய கடை வீதிக்கும் போகும் வழியில் அதை நாள்தோறும் கடந்து செல்கின்றனர்.

திருச்சிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். தாய் தந்தையரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் ஒரு பள்ளி தொடங்கினார். 1764இல் நவாபின் படையும் ஆங்கிலப் படையும் மதுரையில் யூசுப் கானை முற்றுகையிட்டபோது, காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்ய அங்கே போனார். யூசுப் கானின் முடிவு நாம் அறிந்ததே. அப்போரின் நியாயத்தைப் பற்றிப் பேச இது இடமன்று. பணிவிடையைப் பாராட்டி நவாப் முஹம்மது அலி 300 வராகன் அன்பளிப்பாகத் தந்தார். அத்தொகை அப்படியே அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று. கடன்காரர்களால் சூழப்பட்டு, கையொப்பமிட்ட கடன் பத்திரங்களாலேயே வரலாற்றில் பெயர் பெற்ற அந்த நவாபின் பொருளில், நன்றாகச் செலவான பகுதிகளுள் இது ஒன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருச்சியில் அவர் செய்த இன்னொரு காரியமும் நம் கவனத்துக்கு உரியது. நவாபின் அரசவையைச் சார்ந்த முஸ்லிம்கள் இங்கே மிகுதி. அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேச வேண்டுமென்று பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். அவருடைய நாட்குறிப்புகளில் முஸ்லிம்களோடு நிகழ்ந்த உரையாடல்கள் நிறைய உண்டு. அவர் நம் மார்க்கத்தை ஏற்றவரல்லர். தம் மதத்துக்கு நம்மவரை அழைக்கவே வந்தவர். இதை மறைத்து எழுதுவது அவருக்கும் நேர்மையாகாது, நமக்கும் நேர்மையாகாது. கொள்கையில் உடன்பாடு எட்டப்படவில்லை. அது எட்டப்படும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. வேதமுடையோரோடு அழகிய முறையிலன்றி வாதிட வேண்டாம் என்று அல்அன்கபூத் அத்தியாயத்தின் 46ஆம் வசனம் நமக்கு வகுத்த நெறியை, மறுபக்கத்திலிருந்து பெரும்பாலும் கடைப்பிடித்தவராக அவரைக் காண்கிறோம். நஜ்ரான் தூதுக் குழுவினர் மதீனாவின் பள்ளிவாசலுக்கு வந்தபோது கொள்கையில் உடன்பாடு ஏற்படாமலேயே ஒப்பந்தம் ஏற்பட்டதைச் சீறா நூல்கள் கூறுகின்றனவே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தங்கள் முறைப்படி அங்கே தொழவும் விட்டார்கள் என்பது இப்னு இஸ்ஹாக் தரும் செய்தி.

இனி 1779ஆம் ஆண்டுக்கு வருவோம். ஹிஜ்ரி 1193. ஷ்வார்ட்ஸ் அதற்கு முந்திய ஆண்டிலேயே தம் தலைமை இருப்பிடத்தைத் தஞ்சாவூருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். திருச்சிக்கு வந்து போவது நிற்கவில்லை. மைசூருக்கும் சென்னைக் கம்பெனி அரசாங்கத்துக்கும் இடையே உறவு முறிந்துகொண்டிருந்தது. முறிவுக்குக் காரணம் ஹைதரின் பேராசை என்று ஆங்கில நூல்கள் எழுதும். உண்மை அவ்வளவு எளிதன்று. 1769இல் சென்னை வாயிலில் செய்துகொண்ட உடன்படிக்கையில், தாக்கப்படும்போது ஒருவருக்கொருவர் உதவுவதாகக் கம்பெனி கையொப்பமிட்டிருந்தது. பின்னர் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது ஒரு சிப்பாயும் வரவில்லை. 1779 மார்ச்சில், தம் பாதுகாப்பில் உள்ளதென்று ஹைதர் முன்கூட்டியே அறிவித்திருந்த மாஹியைக் கம்பெனிப் படை கைப்பற்றியது. இந்த நிலையில்தான் சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்ட், ஷ்வார்ட்ஸை அழைத்து, ஹைதரிடம் இரகசியமாகச் சென்று வருமாறு கேட்டுக்கொண்டார். ஹைதரின் எண்ணம் என்னவென்று அறிய வேண்டும். ஆங்கிலேயர் சமாதானத்தையே விரும்புகின்றனர் என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதவர், கையூட்டால் வளைக்க முடியாதவர் என்பனவே அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள்.

அதற்கு ஏன் இசைந்தார் என்பதை அவரே 1794இல் எழுதிய நெடிய மடல் ஒன்றில் விளக்கியுள்ளார். இப்பயணத்தில் அரசியல் சூழ்ச்சி ஏதுமில்லை, சமாதானம் காப்பது ஒன்றே நோக்கம் என்று அவர் நம்பினார். போகும் வழியெல்லாம் தம் மதச் செய்தியைச் சொல்லலாம் என்பதும், தமக்கு நன்மை செய்த அரசாங்கத்துக்கு நன்றி காட்டலாம் என்பதும் ஏனைய காரணங்கள். இவற்றோடு, எவரிடமிருந்தும் அன்பளிப்புப் பெற்றுக் கையை மாசுபடுத்திக்கொள்வதில்லை என்ற உறுதியையும் அவர் எடுத்துக்கொண்டார்.

1779 ஜூலையில் புறப்பட்டார். அப்போது மைசூரின் எல்லைக் கோட்டையாக இருந்த கரூரில் ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்து, சத்தியமங்கலம் வழியே கஜ்ஜலட்டிக் கணவாய் ஏறி, ஆகஸ்டுப் பிற்பகுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். காவிரியின் நடுவே பள்ளிகொண்ட அரங்கனின் பெயரால் வழங்கும் தீவு ஒன்றன் அருகிலிருந்து புறப்பட்டு, அதே ஆற்றின் மேல்பகுதியில் அதே பெயரால் வழங்கும் இன்னொரு தீவுக்குப் போய்ச் சேர்ந்தார் எனலாம். வைணவர் மேலேயுள்ளதை ஆதிரங்கம் என்றும் நம் ஸ்ரீரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வழங்குவர். ஹைதரின் அரண்மனைக்கு அண்மையிலேயே அரங்கநாதர் கோவில் இருந்தது. வழிபாடு தடையின்றி நடந்தது. மக்கள் எந்த மதத்தைப் பின்பற்றுகின்றனர் என்பது ஹைதருக்கு ஒரு பொருட்டே அன்று, அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார் என்று ஷ்வார்ட்ஸ் தம் குறிப்பில் எழுதினார். மதமே தம் தொழிலாகக் கொண்ட ஒருவர் இதைச் சற்று வருத்தத்தோடு எழுதியிருக்கலாம். ஆனால் ஹைதரை மதவெறியர் என்று காட்ட முயன்ற பிற்கால எழுத்தாளர்களுக்கு, நேரில் கண்ட ஒரு கிறிஸ்தவக் குருவின் இந்தச் சாட்சியம் போதுமான விடையாகும்.

அவருடைய குறிப்புகளைப் படிக்கும்போது, வேவு பார்க்க வந்தவனின் கண்ணும் நியாயவானின் கண்ணும் ஒன்றாய் இயங்குவதைக் காண முடிகிறது. பாழானவற்றை உடனுக்குடன் செப்பனிடுவது ஹைதரின் பொருளாதாரக் கொள்கை, அதனால் எல்லாம் குறைந்த செலவில் நல்ல நிலையில் இருக்கின்றன. கர்நாடகத்திலோ ஐரோப்பியர் எல்லாவற்றையும் அழிய விட்டுவிடுகின்றனர் என்று தம்மை அனுப்பியவர்களையே அவர் குறை கூறுகிறார். சவுக்கேந்திய இருநூறு பேர் எந்நேரமும் ஆயத்தமாய் நின்றதையும், பெரிய அதிகாரிகளும் அடிக்குத் தப்பாததையும் அவர் மறைக்கவில்லை. அச்சமே அவ்வாட்சியின் அச்சாணி என்று கண்டார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரே நேரத்தில் பல அலுவல்களைக் கேட்டு, மடல்களை வாயால் சொல்லி எழுதவைத்து, திரும்பப் படித்துக் காட்டச் செய்து சரிபார்க்கும் அந்த நினைவாற்றலை வியந்தார். இன்னொன்றையும் கண்டார்: பெற்றோரற்ற சிறுவர்களைத் திரட்டி, உணவும் உடையும் தந்து, மரத் துப்பாக்கி கொடுத்துப் பயிற்றும் தனிப் படைப் பிரிவு ஒன்று அங்கே இருந்தது. தம் ஆட்சிப் பகுதியில் ஓர் அநாதையும் கைவிடப்படுவதை ஹைதர் பொறுப்பதில்லை என்று அவர் எழுதினார். வெடிமருந்து வெடிப்பில் அநாதைகளான பிள்ளைகளைத் திருச்சியில் சேர்த்து வளர்த்தவர், மைசூரில் முதலில் பார்த்து மகிழ்ந்தவற்றுள் இதுவும் ஒன்று.

கோட்டைக்குள் காய்ச்சல் பரவியிருந்ததால் வெளியே கூடாரம் அடித்துத் தங்கவைத்தனர். ஹைதரின் படையில் பணியாற்றிய ஐரோப்பியருக்கு அங்கேயே வழிபாடு நடத்தினார், எவரும் தடுக்கவில்லை. சந்திப்பில் ஹைதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமரச் செய்தார். பேச்சு நேரடியாக நிகழ்ந்தது. ஒரு குருவானவர் அரசியல் காரியத்தில் ஏன் ஈடுபட வேண்டும் என்ற ஐயத்துக்கு, இரத்தம் சிந்தாமல் தடுப்பது குருவானவனின் வேலைக்கு அயலானதன்று என்பதே அவருடைய விடையின் சாரம். ஆங்கிலேயர் உண்மையில் சமாதானக் கரம் நீட்டினால் தம் கரத்தைப் பின்னிழுக்கப் போவதில்லை என்று ஹைதர் கூறினார். பகைவர் சமாதானத்தின்பால் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்ற அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 61ஆம் வசனம், எழுத்தறியாத அந்தப் படைவீரரின் வாயில் இவ்வாறு அரசியல் மொழியாக வந்தது. அதே நேரத்தில், சென்னைக்கு அவர் கொடுத்தனுப்பிய மடலில் கம்பெனி மீறிய வாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. கொண்டுவந்தவர் மீது நம்பிக்கை. அனுப்பியவர்கள் மீது ஐயம். இவ்விரண்டையும் ஹைதர் குழப்பிக்கொள்ளவில்லை.

விடைபெறும் வேளையில் ஹைதர் வழிச் செலவுக்காக 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஷ்வார்ட்ஸ் மறுத்தார். திருப்பிக் கொண்டுபோனால் தங்கள் உயிருக்கே ஆபத்து என்று அதிகாரிகள் அஞ்சியதால் வாங்கிக்கொண்டார். சென்னை வந்ததும் அதை அரசாங்கத்திடம் ஒப்படைக்க முன்வந்தார், வைத்துக்கொள்ளுமாறு கூறினர். பயணத்துக்காக அரசாங்கம் அளிக்க முன்வந்த வெகுமதியையும் ஏற்கவில்லை. வழிச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டார்.

தூது பலிக்கவில்லை. சென்னைக் கவுன்சில் ஹைதரின் முறையீடுகளுக்குப் பரிகாரம் தேடவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர்கள் அனுப்பிய கிரே என்ற அதிகாரியை ஹைதர் சிறைக்காவலில் இருப்பவரைப் போலவே நடத்தித் திருப்பி அனுப்பினார். ரம்போல்ட் 1780 ஏப்ரலில் பெருஞ்செல்வத்தோடு கப்பலேறினார். ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தில் இறங்கியது; செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்தது.

ஆகவே ஷ்வார்ட்ஸ் யார்? சமாதானத் தூதரா, கம்பெனியின் ஒற்றரா? நம்மவர் சிலர் இரண்டாவதையே உறுதியாகக் கூறக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஹைதரின் மனநிலையை அறிந்து வருமாறுதான் அவரைக் கேட்டனர். அவரும் கோட்டையையும் படையையும் அரசவையையும் கண்டு எழுதினார். கம்பெனியின் ஊதியமும் பெற்றார். தம் நல்ல பெயரைத் திரையாகப் பயன்படுத்தி ஓர் அரசாங்கம் காலம் கடத்தக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நன்றியுணர்வு அவருடைய கண்ணை அந்த ஒரு திசையில் மறைத்துவிட்டது என்பது நம் கருத்து. அவர்மீது அன்பு கொண்ட பாதிரிமார் எழுதிய வரலாறுகளில் இக்கேள்வி எழுவதே இல்லை. அந்நூல்களின் பெருங்குறை அது.

மற்றப் பாதியை ஹைதரே தீர்த்துவைத்தார். ஆங்கிலேயரின் ஆட்களை நம்ப முடியாது, இந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், இவர் ஏமாற்ற மாட்டார் என்று அவர் சொன்னதாக எல்லா வாழ்க்கை வரலாறுகளும் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அச்சொற்கள் எத்துணைத் துல்லியமாக நமக்கு வந்து சேர்ந்தன என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் செயலில் ஐயமில்லை. போர் மூண்டு, தூது பொய்த்து, வந்தவர் ஒற்றர்தாம் என்று முடிவுசெய்வதற்கு எல்லாக் காரணமும் இருந்த வேளையில், இந்தப் பாதிரியாரைத் தடையின்றிச் செல்ல விடவும் மரியாதையோடு நடத்தவும் ஹைதர் தம் படைத் தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். அவரும் பகைப் படைகளின் நடுவே போய்வந்தார். மார்க்கத்துக்காக நம்மோடு போரிடாதவர்களுக்கும் நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் இறைவன் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் வகுக்கும் பாகுபாடு, போர்க்கால அரசாணையாக வெளிப்பட்ட அரிய நிகழ்ச்சி இது. சினம் கொண்ட மன்னனால் எளிதில் செய்ய முடியாத காரியமும் ஆகும்.

போரின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1781இல் ஹைதரின் படை காவிரிப் பாசனப் பகுதியைப் பாழாக்கியது. திருச்சியை நெருக்கிய அப்படை மறுபடியும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படை அதிகாரியாய்த் தங்கிய கரையில் இப்போது ஆட்சியாளராய்ப் பாசறை இறங்கிய ஹைதர், அங்கிருந்தே பரங்கிப்பேட்டைப் போருக்கு விரைந்தார். ஏரிகள் உடைந்தன, வயல்கள் தரிசாயின, பட்டினி வந்தது. நாம் ஹைதரை மதிக்கிறோம் என்பதற்காகத் தஞ்சை மக்கள் பட்ட துன்பம் இல்லையென்று ஆகிவிடாது. தஞ்சைக் கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே நெல் இருந்தது. கொண்டுவர எருதுகள் இல்லை. எருது வைத்திருந்த குடியானவர்கள் அரசாங்கத்தை நம்பவில்லை. கூலி கிடைக்காது என்பது அவர்களின் பட்டறிவு. அரசர் துளஜாஜியும் அறிவார், ஆங்கில அதிகாரியும் அறிவார். இறுதியில் ஷ்வார்ட்ஸிடம் வந்தனர். கூலிக்குத் தாம் பொறுப்பு என்று அவர் எழுதியனுப்பினார். ஓரிரு நாள்களில் 1,000க்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. வந்தவர்களுக்கு ஒரு காசு குறையாமல் கூலி கொடுத்து, சிறு வெகுமதியும் தந்து அனுப்பினார். விலை மலிந்திருந்தபோது தாமே வாங்கி வைத்திருந்த அரிசியைக் கொண்டு பல மாதங்கள் பசித்தவர்களுக்கு உணவும் அளித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரிடம் அவருக்குக் கிடைத்த நம்பிக்கையும் தஞ்சைக் குடியானவனிடம் கிடைத்த நம்பிக்கையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை: இந்த மனிதர் தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

போர் முடிவதற்கு முன், 1783இல், திப்பு சுல்தானிடம் சென்ற சமாதானத் தூதர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக அவரை மீண்டும் அனுப்பினர். இம்முறை வழியிலேயே மைசூர்க் காவற்படையினர் தடுத்ததால் திரும்பிவிட்டார். உடன்படிக்கை 1784 மார்ச்சில் அவரின்றியே மங்களூரில் ஆயிற்று. அப்போது தென்னகத்தில் படை நடத்திய கர்னல் புல்லர்ட்டன், ஐரோப்பியர் அனைவருமே சீர்கெட்டவர்கள் என்ற பழியிலிருந்து அவர்களை மீட்டது இந்தப் பாதிரியாரின் நேர்மைதான் என்ற கருத்துப்பட எழுதினார். பாராட்டு ஒருவருக்கு, ஒப்புதல் வாக்குமூலம் அனைவருக்கும்!

அமைதி திரும்பிய பிறகும் தஞ்சையில் குடிகள் திரும்பவில்லை. வரி வாங்குவோரின் கொடுமைக்கு அஞ்சி அவர்கள் ஊரை விட்டு வெளியேறியிருந்தனர்; அரசர் அழைத்தும் வரவில்லை. ஷ்வார்ட்ஸ் வாக்களித்த பின்னரே வந்தனர். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பியதாக அவர் எழுதுகிறார். பருவம் தப்பி விதைத்தும் அவ்வாண்டு விளைச்சல் முந்திய ஆண்டைவிட நன்றாயிருந்தது. துளஜாஜி 1787இல் மரணப்படுக்கையில், தாம் சுவீகாரம் செய்த சிறுவன் சரபோஜியை அவரிடம் ஒப்படைக்க விரும்பினார். அரண்மனைக்குள் பிளவு வளரும் என்று கருதித் தனிப்பொறுப்பை அவர் ஏற்கவில்லை. பின்னர் அச்சிறுவனின் உயிருக்கும் கல்விக்கும் இடையூறு வந்தபோது மட்டும் முன்வந்து காத்தார். அச்சரபோஜிதான் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர். தம்மை வளர்த்த பாதிரியாரின் மதத்தில் அவர் சேரவில்லை. ஆயினும் ஷ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தபின், லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்து, சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில் வைத்தார். இறக்கும் குருவின் கட்டிலருகே அரசர் நிற்பதை அதில் காணலாம். கம்பெனியும் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் தன் பங்குக்கு ஒன்றை வைத்தது.

ஹைதர் கொடுத்த அந்த 300 ரூபாய்க்குத் திரும்புவோம். சென்னை அரசாங்கம் வாங்க மறுத்த அப்பணத்தை ஷ்வார்ட்ஸ் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு முதலாக வைத்தார். 15 ஆண்டுகளுக்கு முன் நவாப் முஹம்மது அலி தந்த 300 வராகனும் இதே வழியில் திருச்சியின் அநாதைப் பள்ளிக்குச் சென்றதைக் கண்டோம். திருச்சிராப்பள்ளியைத் தருவதாகக் கூறித் தராமல் விட்டதில் தொடங்கி, நவாபுக்கும் மைசூருக்கும் மூண்ட பகை ஒரு தலைமுறைக்கு நீண்டது. இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் மன்னிக்கவில்லை. ஒருவர் நத்தர்வலி (ரஹ்) தர்காவிலும் மற்றவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸிலும் அடங்கியிருக்கின்றனர். அவ்விருவர் கொடுத்த பணமும் ஒரே கைகள் வழியாக, இந்தக் காவிரிக் கரையின் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்குச் சோறாகவும் எழுத்தாகவும் சென்று சேர்ந்தது.